கிராபிக்ஸ் கார்ட்: முழுப் பெயரைக் கேட்டு வாங்குங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், கணினித் திரைக்குப் படம் வரைந்து கொடுக்கிற கிராபிக்ஸ் கார்ட் பற்றியவை. ஒரே தாளில் மூன்று நான்கு மாடல்களின் விவரங்களை வரிசையாக எழுதி, “இதில் எது நல்லது?” என்று கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பு திருமலை வீதியில் பல வருடங்களாகக் கணினி திருத்துகிறவன் நான். விவரத்தாளை மட்டும் நம்பிக் காசைக் கொடுத்துவிட்டுக் கலங்கி வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் இந்த முறை எல்லாப் பதிலும் கார்டுக்கே.

கல்முனையில் திருமண வீடியோ ஸ்டூடியோ நடத்துகிறேன். கோர் ஐ5 12400எஃப் ப்ராசசர், 32 ஜி.பி. ரேம், ஜி.டி.எக்ஸ் 1660 சூப்பர் கார்ட். புதுக் கமெரா வாங்கிய பிறகு 4கே கிளிப்கள் டைம்லைனில் விக்கி விக்கி ஓடுகின்றன. ரிசால்வ் ஸ்டூடியோ என்ற எடிட்டிங் மென்பொருளைப் பாவிக்கிறேன். இரவு மண்டப வீடியோவுக்கு நொய்ஸ் குறைக்கிற வேலையும் உண்டு. ஒரு தாலி கட்டுக் கிளிப்பை அனுப்பியிருக்கிறேன். ஆர்.டி.எக்ஸ் 3060 12 ஜி.பி., ஆர்.டி.எக்ஸ் 4060 8 ஜி.பி. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வருகின்றன. எதை எடுக்கட்டும்? — வாசகர், கல்முனை

தம்பி, கொஞ்ச நாளைக்குக் காசைக் கையிலேயே வைத்திருங்கள். நீங்கள் சொல்கிற இரண்டு கார்டில் எதைப் போட்டாலும் அந்த விக்கல் நிற்காது.

நீங்கள் அனுப்பிய தாலி கட்டுக் கிளிப்பை என் கடை மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். அதிலும் எஃப் என்று முடிகிற ப்ராசசர்தான். முதலில் 3060 போட்டு ஓட்டினேன். பிறகு திருத்த வந்திருந்த ஒரு மெஷினின் 4060-ஐ, உரிமையாளரிடம் கேட்டு, மாற்றிப் போட்டேன். டாஸ்க் மனேஜரைத் திறந்து கார்டின் பக்கத்துக்குப் போனால் ‘வீடியோ டிகோட்’ (சுருக்கிப் பதிந்த வீடியோவைப் பிரித்தெடுப்பது) என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். கிளிப் ஓடும்போது அந்தக் கோடு எழ வேண்டும். இரண்டு கார்டிலும் அது பூச்சியத்தை விட்டு அசையவேயில்லை. அதே நேரம் ப்ராசசரின் கோடு உச்சியில் நின்றது. அதாவது கார்ட் சும்மா இருக்கிறது, முழுப் பாரத்தையும் ப்ராசசர் ஒற்றையாக இழுக்கிறது.

காரணம் கமெராவின் பதிவு முறை. உங்கள் கிளிப் எச்.265, 10 பிட், 4:2:2. எச்.265 என்பது வீடியோவைச் சுருக்கிப் பதிகிற முறை, 10 பிட் என்பது நிறத்தின் நுணுக்கம், 4:2:2 என்பது நிறத்தை எவ்வளவு பதிகிறது என்ற அளவு. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்ச அளவு தனியாகப் பதிவாகும். நிறத்தை மட்டும் பக்கத்துப் புள்ளிகள் பங்கு போட்டுக்கொள்ளும். 4:2:2-இல் இரண்டு புள்ளிக்கு ஒரு நிறம், 4:2:0-இல் நான்கு புள்ளிக்கு ஒரு நிறம். நீங்கள் கேட்கிற இரண்டு கார்டும் என்விடியா நிறுவனத்தினுடையவை. அதன் கார்டுகளில் வீடியோவைப் பிரித்தெடுக்கவென்று தனிப் பகுதி உண்டு. ஆனால் 3060, 4060 இரண்டிலும் அந்தப் பகுதிக்கு 4:2:2 தெரியாது. 2025-இல் வந்த 50 வரிசையில்தான் என்விடியா அதைச் சேர்த்தது. இன்டெல்லோ தன் ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸில், 11ஆம் தலைமுறையிலேயே எச்.265 4:2:2-ஐச் சேர்த்துவிட்டது. உங்களுடையது 12ஆம் தலைமுறை. ஆனால் பெயரின் கடைசியில் ஓர் எஃப் இருக்கிறதே, அதற்கு ‘உள் கிராபிக்ஸ் இல்லை’ என்று அர்த்தம். உங்கள் சிக்கல் முழுவதும் அந்த ஓர் எழுத்தில்தான் இருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் செலவில்லாத வழி: கமெராவின் மெனுவில் எச்.265 10 பிட் 4:2:0 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு நிகழ்வை அதில் எடுத்துப் பாருங்கள். அதை உங்கள் பழைய 1660 சூப்பரே பிரித்தெடுக்கும். கூறைச் சேலையின் சரிகைக் கரையைத் திரையில் நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் சிவப்பும் பொன்னும் சந்திக்கிற ஓரம் சற்று மழுங்கியிருக்கும். பச்சைத் திரை வைத்து எடுக்கிறவர்களுக்கு அது பெரிய குறை. திருமண வீட்டு வேலைக்கு அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை.

4:2:2 வேண்டும் என்றே இருந்தால், 12400எஃப்-ஐக் கொடுத்துவிட்டு எஃப் இல்லாத 12400 ஒன்றை வாங்குங்கள். அதே மதர்போர்டில் அப்படியே உட்காரும். பயோஸில் (மெஷின் தொடங்கும்போது திறக்கிற அமைப்பு மெனு) உள் கிராபிக்ஸை இயக்கி, ரிசால்வின் டிகோட் அமைப்பில் இன்டெல் குவிக் சிங்க் பெட்டியில் சரி போடுங்கள். உள் கிராபிக்ஸில் வீடியோவைப் பிரித்தெடுக்கிற பகுதியின் பெயர்தான் குவிக் சிங்க். பழைய ப்ராசசரை விற்ற காசைக் கழித்தால், ஒரு கார்டின் விலையோடு ஒப்பிடவே முடியாத சிறு செலவு இது. ஒன்றை மறக்க வேண்டாம்: சில கமெராக்கள் 4:2:2-ஐ எச்.264 என்ற பழைய முறையிலும் பதியும். உங்கள் ப்ராசசர் தலைமுறையின் குவிக் சிங்க் அதைப் பிரிக்காது. எச்.265-ஐயே தெரிவு செய்யுங்கள்.

சரி, அதன் பிறகும் கார்ட் மாற்ற விருப்பம் என்றால், நீங்கள் கேட்ட ஒப்பீட்டுக்கு வருகிறேன். விவரத்தாளில் மெமரி வேகம் எப்படி வருகிறது என்பதை ஒருமுறை கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிப்புக்கும் மெமரிக்கும் இடையிலான பாதையின் அகலத்தைப் பிட்டில் சொல்வார்கள். 3060-இன் பாதை 192 பிட், மெமரி 15 ஜிகாபிட் வேகம். பெருக்கி 8-ஆல் வகுத்தால் வினாடிக்கு 360 ஜி.பி. 4060-இன் பாதை 128 பிட், வேகம் 17. அதே கணக்கில் 272 ஜி.பி. இதைப் பார்த்து 3060 வேகமானது என்று முடிவு கட்டக்கூடாது. 4060-இன் சிப்புக்குள்ளேயே 24 எம்.பி. கேஷ் (சின்ன வேக மெமரி) உண்டு, 3060-இல் 3 எம்.பி.தான். அடிக்கடி தேவைப்படுவதை 4060 உள்ளேயே வைத்துக்கொள்வதால் மெமரிக்கு ஓடுகிற ஓட்டம் குறைகிறது. 1080பி (முழு எச்.டி.) விளையாட்டுகளில் 4060-தான் முந்தும். அது 115 வாட்டில் வேலை செய்கிறது, 3060-க்கு 170 வாட் வேண்டும். நாளுக்கு எட்டு மணித்தியாலம் முழு வேகத்தில் ஓடினால் மின்சாரத்தில் 0.44 யூனிட் வித்தியாசம். மாதம் 26 நாள் வேலை என்றால் பதினொரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்.

ஆனால் நீங்கள் இரவு மண்டப வீடியோவுக்கு நொய்ஸ் (இருட்டில் எடுத்த படத்தில் தெரியும் புள்ளிகள்) குறைக்கிற வேலை செய்கிறவர். 4கே டைம்லைனில் அந்த எஃபெக்டைப் போட்டு, அதன் மேல் இரண்டு மூன்று நிறத் திருத்தம் வைத்தால் 8 ஜி.பி. நிரம்பிவிடும். ‘ஜி.பி.யு. மெமரி நிரம்பிவிட்டது’ என்று ரிசால்வ் நிறுத்திக்கொள்ளும். நிரம்பிய பிறகு வேகமான சிப் இருந்து என்ன பயன்? இந்த இரண்டில் ஒன்றுதான் என்றால், உங்கள் வேலைக்கு 12 ஜி.பி. 3060. கை இன்னும் கொஞ்சம் நீளுமென்றால் 5060 டி.ஐ 16 ஜி.பி. அது 4:2:2-ஐத் தானே பிரிக்கும், எச்.264 என்றாலும் எச்.265 என்றாலும்.

கடையில் “3060 இருக்கா?” என்று மட்டும் கேட்க வேண்டாம். 3060 8 ஜி.பி. என்றும் ஒன்று இருக்கிறது. அதில் பாதை 128 பிட், வேகம் வினாடிக்கு 240 ஜி.பி. நினைவகம் மட்டுமல்ல, பாதையும் மூன்றில் ஒரு பங்கு குறைந்த கார்ட். பெட்டியில் முன்பக்கப் பெயர் ஒன்றுதான்.

இணையத்தில் ஒருவரிடம் ஜி.டி.எக்ஸ் 1050 டி.ஐ 4 ஜி.பி. மலிவாக வாங்கினேன். விளையாட்டைத் திறந்து ஐந்து நிமிடத்தில் திரை கறுத்துவிடுகிறது. என்விடியாவின் தளத்தில் எடுத்த ட்ரைவரும் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஏறுகிறதில்லை. — மாணவர், வந்தாறுமூலை

தம்பி, கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். மொனிட்டர் வயர் செருகும் இடத்தில், நீலநிறத்தில் பதினைந்து துளையுள்ள பழைய வி.ஜி.ஏ. வாய் இருக்கிறதா? 1050 டி.ஐ-இல் இருப்பது பாஸ்கல் சிப். அந்தத் தலைமுறையில் அனலொக் வெளியீட்டையே என்விடியா எடுத்துவிட்டது. வி.ஜி.ஏ. வாய் இருந்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பது வேறு சிப்.

2010-இல் வந்த ஜி.டி.எஸ் 450, அதற்கு அடுத்த வருடம் வந்த ஜி.டி.எக்ஸ் 550 டி.ஐ ஆகிய கார்டுகளுக்குள் பதிந்திருக்கும் பயோஸ் மென்பொருளை மாற்றி எழுதி, 1050 டி.ஐ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற மோசடி பல நாடுகளில் நடந்திருக்கிறது. போன வருடம் என் மேசைக்கு அப்படி ஒன்று வந்தது. கொண்டுவந்த பிள்ளை கூலி வேலை செய்து சேர்த்த காசு அது. விசிறியைக் கழற்றி, சிப்பின் சூட்டைக் கடத்தவென்று பூசி, கல்லாய்க் காய்ந்திருந்த பேஸ்டை ஸ்பிரிட் தொட்ட துணியால் மெல்லத் துடைத்தேன். ‘ஜி.எஃப்.106’ என்ற எழுத்து வெளியே வந்தது. உண்மையான 1050 டி.ஐ என்றால் அங்கே ‘ஜி.பி.107’ இருந்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளை ஒன்றும் பேசாமல் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நீங்கள் கழற்ற வேண்டாம். ஜி.பி.யு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கித் திறவுங்கள். போலிக் கார்ட் என்றால் பெயருக்கு முன்னால் ‘FAKE’ (போலி) என்றே எழுதிக் காட்டும். உண்மையான கார்டுக்கு ஷேடர் (கணக்குப் போடும் சிறு அலகு) எண்ணிக்கை 768, மெமரிப் பாதை 128 பிட், வேகம் வினாடிக்கு 112 ஜி.பி. அந்தத் திரையைப் படம் எடுத்து, விற்றவருடன் பேசிய செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, காசைத் திருப்பிக் கேளுங்கள். இன்றைக்கே கேளுங்கள், நாள் போகப் போகக் கதை மாறும்.

அப்புறம், இனிப் பழைய கார்ட் வாங்குவதென்றால் ஆளை நேரில் சந்தித்து, அவருடைய மெஷினிலேயே அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் தன் முறையை மாற்றியதும், கார்ட் வைத்து அதை மைனிங் செய்வது (கணக்குப் போட்டு நாணயம் ஈட்டுவது) நின்றுபோனது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன. அவை எல்லாமே கெட்டவை இல்லை. விசிறியும் பேஸ்டும் மாற்றினால் பல வருடம் ஓடும். ஆனால் ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

ஆர்.டி.எக்ஸ் 2060-இல் கூடா கோர் (என்விடியா சிப்பில் கணக்குப் போடும் சிறு அலகு) 1920. ஆர்.டி.எக்ஸ் 3050 8 ஜி.பி.யில் 2560. அப்படியிருக்க 2060 வேகமானது என்கிறார்களே, எப்படி? — வாசகர், அக்கரைப்பற்று

நல்ல கேள்வி. கோர் எண்ணிக்கையை ஒரே தலைமுறைக்குள்தான் ஒப்பிடலாம். சிப்பில் கோர்கள் கூட்டம் கூட்டமாக இருக்கும். 2060 வந்த 20 வரிசையில் ஒரு கூட்டத்துக்கு 64 கோர் என்று எண்ணினார்கள். அந்தக் கூட்டத்தில் முழு எண் கணக்குக்கென்று வேறு 64 இருந்தன, அவற்றைக் கோர் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. 30 வரிசையில் அந்த இரண்டாவது 64-ஐயும் தசமக் கணக்குச் செய்யப் பழக்கி, எல்லாவற்றையும் சேர்த்து 128 என்று எண்ணினார்கள். முழு எண் கணக்கு வரும்போது அவற்றில் ஒரு பகுதி அந்த வேலைக்குப் போய்விடும். ஆகவே 3050-இன் 2560 என்பது பழைய எண்ணிக்கையில் அவ்வளவு பெரிய தொகை இல்லை. மெமரி வேகத்தைப் பார்த்தாலும் 2060-க்கு 192 பிட், வினாடிக்கு 336 ஜி.பி. 3050-க்கு 128 பிட், வினாடிக்கு 224 ஜி.பி. விளையாட்டில் 2060 முன்னால் நிற்பதில் புதுமை இல்லை. மெமரியின் அளவு 3050-க்கு 8 ஜி.பி., 2060-க்கு 6 ஜி.பி. என்பது மட்டும் மறுபக்கம். புதிய விளையாட்டுகளில் டெக்ஸ்சரை (காட்சிப் பரப்புகளின் நுணுக்கம்) உயர்த்தி வைத்தால் அது உதவும்.

என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யின் எண்களை என்விடியாவோடு வைத்துப் பார்ப்பது இன்னும் பிழை. ஆர்.எக்ஸ் 6600-இல் 1792 என்றுதான் எழுதியிருக்கும். ஆனாலும் விளையாட்டில் 3050-ஐத் தெளிவாகவே முந்தும். விளையாட்டுக்கு மட்டும் என்று வருகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்கிறேன்.

எஃப்.பி.எஸ். (வினாடிக்கு எத்தனை படம் என்ற எண்) பார்க்கும்போதும் சராசரியோடு நின்றுவிடாதீர்கள். ‘1 சதவீதக் குறைவு’ என்று பக்கத்தில் இன்னொரு எண் போடுவார்கள், மிக மெதுவாக வந்த ஒரு சதவீதப் படங்களின் வேகம் அது. சராசரி 90, குறைவு 30 என்றால் அந்தக் கார்ட் இடைக்கிடை தடக்கித் தடக்கி ஓடுகிறது. சராசரி 75, குறைவு 60 என்று இருப்பதைத்தான் கண் விரும்பும்.

மடிக்கணினியில் வரும் ஆர்.டி.எக்ஸ் 4060-உம் மேசைக் கணினியின் 4060-உம் ஒன்றா? — வாசகி, காரைதீவு

கோர் எண்ணிக்கை ஒன்று, இரண்டிலும் 3072. ஆனால் மடிக்கணினியில் அதற்கு 35 வாட் முதல் 115 வாட் வரை எவ்வளவும் கொடுக்கலாம், செய்கிறவரின் முடிவு. மெல்லிய மெஷினில் குறைந்த வாட்டில் ஓடுவது, தடித்த மெஷினில் ஓடுவதைவிட நன்றாகவே பின்தங்கும். 4070 என்று பார்த்தால் பெயர் மட்டும்தான் ஒன்று: மேசைக்கு 5888 கோரும் 12 ஜி.பி.யும், மடிக்கு 4608 கோரும் 8 ஜி.பி.யும். வாங்குமுன் ‘கார்டுக்கு எத்தனை வாட்?’ என்று கேளுங்கள் தங்கச்சி.

ஜி.டி.எக்ஸ் 1060 இப்போதும் பயன்படுமா? — வாசகர், வாழைச்சேனை

கையில் இருந்தால் பாவியுங்கள், காசு கொடுத்துப் புதிதாக வாங்க வேண்டாம். 2025 ஒக்டோபரோடு இந்தத் தலைமுறைக்குப் புது விளையாட்டுகளுக்கான ட்ரைவரை என்விடியா நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும். 3 ஜி.பி. 1060-ஐப் பக்கத்திலும் போகவேண்டாம். நினைவகம் மட்டுமல்ல, கோரும் 1280-இலிருந்து 1152-ஆகக் குறைந்த கார்ட் அது.

எங்கள் வீடு கடற்கரைக்கு மிகக் கிட்ட. 6600 கார்ட் வாங்கி ஒன்றரை வருடம். வாங்கியபோது ஓடிய விளையாட்டே இப்போது இருபது நிமிடத்தில் மெதுவாகிறது. விசிறியும் இரைகிறது. கார்ட் போய்விட்டதா? — வாசகர், கல்லடி

போகவில்லை, சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைக்கிறது. சோதனை முடிவுகளை ஏசி போட்ட அறையில் எடுக்கிறார்கள். கச்சான் வீசுகிற ஆடி மாதத்தில், கூரைத் தகடு கொதிக்கிற நம் அறையில் அந்த எண் வராது.

கல்லடிப் பக்கத்துக் கார்டுகளை மூடி திறந்த உடனேயே எனக்குத் தெரியும். பின்தகட்டுத் திருகாணிகளின் தலை செம்மண் நிறத்தில் பூத்திருக்கும். அலுமினியத் தகடுகளின் இடுக்கில் இருக்கும் தூசு ஊர்த் தூசு மாதிரி ஊதினால் பறக்காது. உப்பு ஈரத்தில் பிசைந்து, பஞ்சு மாதிரித் திரண்டு ஒட்டியிருக்கும். நகத்தால் தொட்டால் நனைந்த துணி போல இருக்கும். காற்று அந்தப் பக்கம் நுழையவே வழியில்லை. விசிறி என்னதான் சுற்றினாலும் சூடு உள்ளேதான் நிற்கும்.

செய்ய வேண்டியது இது. மெஷினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, கார்டை வெளியே எடுங்கள். மென்மையான பெயின்ட் தூரிகையால் தகடுகளைக் கீழ்நோக்கிக் கூட்டுங்கள். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழலவிட்டால் அதன் பெயரிங் கெடும். பேஸ்ட் மாற்றுவதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பெட்டியைக் கடல் பக்க ஜன்னலுக்கு நேரே வைக்காமல் உட்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். மாரியில் பல நாள் பாவிக்காமல் மூடி வைப்பதைவிட, தினமும் சிறிது நேரம் ஓடவிடுவது நல்லது. உள்ளே இருக்கிற சூடு ஈரத்தை விரட்டும்.

இதோடு இன்னொன்று: ஏ.எம்.டி.யின் ரேடியன் மென்பொருளிலேயே கார்டின் மின் அளவைச் சில சதவீதம் குறைக்கலாம். வேகம் அவ்வளவாகக் குறையாது, சூடு குறையும்.

மகன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டான். விளையாட்டுக் கார்ட் ஒன்று வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டில் இருப்பது ஆபீஸில் பாவித்து விற்ற சின்னப் பெட்டி மெஷின். கடைக்காரர் ஒருவர் ஜி.டி. 1030 போதும் என்கிறார், இன்னொருவர் ஆர்.எக்ஸ் 6500 எக்ஸ்.டி. என்கிறார். எனக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை. — ஒரு தாய், ஏறாவூர்

அம்மா, வாக்குக் கொடுத்துவிட்டு விசாரித்து வாங்க வேண்டும் என்று நினைத்தீர்களே, அதுவே பெரிது.

இரண்டுமே வேண்டாம். ஜி.டி. 1030-இல் இரண்டு வகை உண்டு. ஒன்றின் மெமரி வேகம் 48 ஜி.பி., மற்றது டி.டி.ஆர்.4 போட்டது, 16.8 ஜி.பி.தான். பெயர் ஒன்று, மெமரி வேகம் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. நல்ல வகை கிடைத்தாலும் இன்றைய விளையாட்டுக்கு அது காணாது. 6500 எக்ஸ்.டி. நான்கே லேனில் (தரவு ஓடும் வழி) மதர்போர்டோடு பேசுகிற கார்ட். புதிய மதர்போர்டில் அந்த நான்கும் சமாளிக்கும். பி.சி.ஐ.இ 3.0 (கார்ட் செருகும் வாயின் பழைய வகை) உள்ள பழைய ஆபீஸ் மெஷினில் அந்தப் பாதையின் வேகம் பாதியாகிவிடும், 4 ஜி.பி. மெமரி நிரம்பும்போது விளையாட்டு தடக்கும். அதற்குத் தனியாக மின்வயரும் வேண்டும், உங்கள் பெட்டியில் அது இருக்காது.

உங்கள் மாதிரி மெஷினுக்கு வழி ஒன்றுதான்: மதர்போர்டின் செருகுவாயிலேயே மின்சாரம் எடுக்கிற கார்ட். அந்த வாய் கொடுக்கக்கூடியது 75 வாட். ஆர்.டி.எக்ஸ் 3050 6 ஜி.பி. 70 வாட்டில் ஓடுகிறது. அதே பெயரில் 8 ஜி.பி. ஒன்று இருக்கிறது, அதற்கு 130 வாட்டும் தனி வயரும் வேண்டும். அதைத் தவறுதலாக வாங்கிவிட வேண்டாம். உங்கள் பெட்டி சின்னது என்பதால் அரை உயரக் கார்டாகவும் இருக்க வேண்டும். அந்த அளவில் 3050 6 ஜி.பி. வருகிறது. கடையில் இப்படியே சொல்லுங்கள்: “3050, 6 ஜி.பி., அரை உயரம், தனி மின்வயர் இல்லாதது.”

வாங்கப் போகுமுன் மகனிடம் சொல்லி, மெஷினை நிறுத்திப் பக்க மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். மதர்போர்டில் இருக்கும் நீளமான செருகுவாயையும், பவர் சப்ளையில் ஒட்டியிருக்கும் தாளையும் தெளிவாகப் படம் எடுத்துப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை முற்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.